நுரையீரலில் நீர் கசிந்தால்...

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூரை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது குரங்கணி. 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மலையேற்றத்திற்கு வந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். காய்ந்து கிடந்த புற்சரிவில் பரவிய தீ அவர்களை வழியில் மறித்துச் சூழ்ந்துகொண்டது. அடிவாரத்து மக்கள் மேலே ஓடினார்கள். பின்னர் விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. அந்தத் தீ 20க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று.

அவர்கள் எல்லாரும் மலையிலேயே இறந்தவர்கள் அல்லர். போடி, தேனி, மதுரை என்று பல மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் போராடிய பின் இறந்தவர்களும் உண்டு. தீயிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட ஒருவர் ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ ஏன் இறக்க வேண்டும்? தோல் வெந்துபோனதால் உடல் இழக்கும் நீர், பிறகு தொற்றிக்கொள்ளும் கிருமிகள் என்று காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று வெளியே தெரியாதது, நெஞ்சுக்கூட்டுக்குள் நடப்பது. குரங்கணியில் தனித்தனியாக யாருக்கு என்ன நேர்ந்தது என்று ஆராய்வது நம் வேலையன்று. பொதுவாகத் தீயிலும் புகையிலும் அகப்பட்ட நுரையீரலுக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்ப்போம். அதற்கு உங்கள் பௌதிகப் பாடப் புத்தகத்தில் உள்ள சோப்புக் குமிழிப் பாடமே போதும் என்றால் நம்புவீர்களா?

வெப்பம் எதுவரை போகும்?

நெருப்பின் சூடு நேராக நுரையீரலின் அடிவரை போய்ச் சுட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உலர்ந்த காற்றைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரியன்று. ஒரு கிராம் உலர்ந்த காற்று 100 டிகிரி குளிரும்போது விட்டுக்கொடுக்கும் வெப்பம் சுமார் 24 கலோரிதான். மூக்கும் தொண்டையும் ஈரமானவை. ஓயாமல் இரத்தம் ஓடுபவை. அந்தச் சிறு வெப்பத்தை அவையே வாங்கிக்கொள்கின்றன. ஆகவே புண்படுவது தொண்டையும் குரல்வளையும்தான். ஆனால் நீராவி அப்படியன்று. ஒரு கிராம் நீராவி நீராக மாறும்போதே 540 கலோரியைக் கொட்டிவிடுகிறது. அது கீழ்வரை போய்ச் சுடும்.

நுரையீரலுக்கு உண்மையான பகை புகைதான். புகையில் இரண்டரை மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. நம் தலைமயிரின் தடிமன் அதைப்போல இருபது மடங்குக்கும் மேல்! மூக்கின் மயிரும் சளியும் இந்தத் துகள்களைப் பிடித்து நிறுத்த முடியாது. அக்ரோலீன் போன்ற எரிச்சலூட்டும் பொருள்களும் இவற்றோடு சேர்ந்து உள்ளே போய்ப் படிகின்றன. கூடவே வருகிறது கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தச் சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுதலுடன் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். 2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்திற்குப் பிறகு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பார்க்காதவர்கள் இல்லை. அது 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, எது எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கணக்கிடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் ஏறியதைப் போலவே சிவப்பாக இருப்பதால் கருவி ஏமாந்துபோகிறது. புகையில் சிக்கியவரின் விரலில் மாட்டினால் 98 என்று காட்டக்கூடும். ஆனால் அவர் உடலின் திசுக்கள் ஆக்சிஜனின்றித் தவித்துக்கொண்டிருக்கும்! எண் நன்றாயிருக்கிறதென்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. தூய ஆக்சிஜன் கொடுத்தால் இந்த வாயு இரத்தத்திலிருந்து விரைவில் விலகும். சாதாரணக் காற்றில் பாதியளவு விலக நான்கைந்து மணி நேரம் ஆகும் இடத்தில், தூய ஆக்சிஜனில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரமே ஆகிறது.

கார்பன் மோனாக்சைடு முதல் நாளின் ஆபத்து. புகைபட்ட நுரையீரலின் ஆபத்தோ தாமதமாக வருவது. குரல் கம்மியவர், மூக்குத் துவாரத்திலோ எச்சிலிலோ கரி தெரிபவர், புருவம் கருகியவர் ஆகியோர் அப்போதைக்கு நடந்து பேசிக்கொண்டிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரத்தில் தொண்டை வீங்கி மூச்சுவழி அடைபடலாம். அதைத் தாண்டியவருக்கும் ஒன்றிரண்டு நாள் கழித்து மூச்சு வாங்கத் தொடங்கலாம். அது ஏன் என்பதுதான் நம் கேள்வி.

குமிழிக் கணக்கு

நுரையீரலை இரண்டு காற்றுப் பைகள் என்று எண்ணுவதைவிட நுரை என்று எண்ணுவது மேல். தமிழில் பெயரே அப்படித்தான் இருக்கிறது, பாருங்கள்! அதில் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வொன்றின் குறுக்களவும் ஏறத்தாழ 0.2 மி.மீ. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் ஒரு பூப்பந்து ஆடுகளத்தின் பெரும்பகுதியை மூடலாம். காற்றுக்கும் இரத்தத்திற்கும் இடையே உள்ள சுவரின் தடிமன் ஒரு மைக்ரான்கூட இல்லை. உங்கள் நோட்டுப் புத்தகத் தாள் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் தடிமனானது.

நுண்ணறையின் உட்புறத்தில் மெல்லிய ஈரப்படலம் ஒன்று உண்டு. ஈரம் என்றால் பரப்பு இழுவிசை உண்டு. ஒரு வளைந்த நீர்ப்பரப்பைச் சுருங்காமல் நிறுத்த உள்ளே கூடுதல் அழுத்தம் வேண்டும். அது பரப்பு இழுவிசையின் இருமடங்கை ஆரத்தால் வகுத்தால் வருவது. இதை லாப்லாஸ் விதி என்கிறோம். (சோப்புக் குமிழிக்கு உள்ளும் புறமுமாக இரண்டு பரப்புகள் இருப்பதால் நான்கு மடங்கு, நுண்ணறைக்கு ஒரே பரப்பு.) கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.07 நியூட்டன், ஆரம் 0.0001 மீட்டர் என்று கொண்டால் 1,400 பாஸ்கல் வருகிறது. அதாவது 14 செ.மீ. உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். ஆனால் அமைதியாக மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் நாம் உண்டாக்கும் அழுத்த மாற்றம் சில சென்டிமீட்டர் நீர் உயரமே. நுண்ணறைகளில் இருப்பது வெறும் நீரானால் ஒவ்வொரு மூச்சும் மூட்டை தூக்குவதாகிவிடும்.

இதைவிட மோசமான சிக்கல் ஒன்று உண்டு. ஆரம் குறையக் குறைய அழுத்தம் கூடுகிறது அல்லவா? ஒரு கண்ணாடிக் குழாயின் இரு முனைகளிலும் ஒரு சிறிய குமிழியையும் ஒரு பெரிய குமிழியையும் ஊதி, இடையிலுள்ள குழாய்த் திருகைத் திறந்துவிடுங்கள். இரண்டும் சமமாகிவிடும் என்றுதான் வகுப்பில் பெரும்பாலோர் சொல்வார்கள். நடப்பது நேர்மாறானது. சிறியது தன் காற்றையெல்லாம் பெரியதற்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கி மறைகிறது. நம் நுண்ணறைகளும் ஒன்றோடொன்று குழாய்களால் இணைந்தவைதாம். அவை எல்லாம் ஒரே அளவுடையவை அல்ல. சிறியவை ஏன் பெரியவற்றுக்குள் வடிந்து மூடிக்கொள்வதில்லை?

நுண்ணறைச் சுவரில் உள்ள ஒருவகைச் செல்கள் கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு வழவழப்பான பொருளைச் சுரக்கின்றன. சர்ஃபாக்டன்ட் என்று பெயர். சீயக்காயும் சோப்பும் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதுபோல் இதுவும் குறைக்கிறது. ஆனால் சோப்பைவிடக் கெட்டிக்காரத்தனமாக. நுண்ணறை சுருங்கும்போது இதன் மூலக்கூறுகள் பரப்பில் நெருக்கியடித்து நிற்கின்றன. அப்போது பரப்பு இழுவிசை அநேகமாகப் பூஜ்யத்துக்கே இறங்கிவிடுகிறது. ஆரம் குறைந்தாலும் இழுவிசை அதைவிட வேகமாகக் குறைவதால் சிறிய குமிழி மூடுவதில்லை. 1957ஆம் ஆண்டில் ஜான் கிளமென்ட்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி நுரையீரலிலிருந்து எடுத்த படலத்தை விரித்தும் சுருக்கியும் இதை அளந்து காட்டினார். இரண்டே ஆண்டுகளில் மேரி எல்லன் ஏவரி என்ற பெண் டாக்டர், ஜெரி மீட் என்பவருடன் சேர்ந்து, குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பதற்கு இந்தப் பொருள் இல்லாமையே காரணம் என்று கண்டுபிடித்தார். ஆனாலும் மருந்து கைக்கு வரவில்லை. 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் ஆண் குழந்தை குறைமாதத்தில் பிறந்து இரண்டே நாளில் இந்நோயால் இறந்தது. உலகிலேயே பெரிய நாட்டின் தலைவர், ஆயினும் செய்வதற்கு ஒன்றுமில்லை! 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா என்பவர் மாட்டின் நுரையீரலிலிருந்து பிரித்த சர்ஃபாக்டன்டை 10 குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பலன் கண்டார். இன்று அது குழந்தைகளுக்கு வழக்கமான சிகிச்சை.

மதகு உடைகிறது

இப்போது புகைபட்ட நுரையீரலுக்கு வருவோம். நுண்ணறையைச் சுற்றி இரத்தத் தந்துகிகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் இரத்த அழுத்தம் சுமார் 10 மி.மீ. பாதரசம்தான், கையில் டாக்டர் அளக்கும் 120 எங்கே, இது எங்கே! இரத்தத்தில் உள்ள புரதங்களோ சுமார் 25 மி.மீ. அளவுக்குச் சவ்வூடு பரவலால் நீரை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. இழுப்பு தள்ளலைவிட அதிகம். ஆகவே காற்றறைகள் காய்ந்திருக்கின்றன.

புகை சுவரைப் புண்ணாக்கியதும் உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. அவை சுரக்கும் பொருள்கள் கிருமியைக் கொல்லும் வலிமையுள்ளவை, சுவரையும் விட்டுவைப்பதில்லை. சுவரில் இடைவெளி விழுகிறது. நீர் மட்டும் கசிந்தால் சமாளிக்கலாம். புரதமும் சேர்ந்து கசிகிறது. இழுத்துப் பிடிக்க வேண்டிய ஆளே வெளியேறிவிட்டால் நீர் தடையின்றிப் பாயும் அல்லவா? நுண்ணறைக்குள் வந்த புரதம் சர்ஃபாக்டன்டையும் கெடுக்கிறது. படலம் கெட்டதும் பரப்பு இழுவிசை ஏறுகிறது. அறைகள் மூடுகின்றன, மூடும் அறையை நோக்கி மேலும் நீர் இழுக்கப்படுகிறது. ஒரு கேடு மற்றொரு கேட்டை வளர்க்கிறது. இது நடந்தேற ஒருநாள் இருநாள் ஆவதால்தான் ஆபத்து தாமதமாக வருகிறது. ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும் இந்நிலையை டாக்டர்கள் ‘ஏ.ஆர்.டி.எஸ்.’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நாம் ‘கடும் சுவாச நெருக்கடி’ என்போம்.

புகையே உள்ளே போகாவிட்டாலும் இது வரலாம் என்பது வியப்பான செய்தி. தோல் பெருமளவு வெந்துவிட்டால் அங்கே மூண்ட அழற்சியின் பொருள்கள் இரத்தத்தோடு கலந்து நெடுந்தொலைவிலுள்ள நுரையீரல் தந்துகிகளையும் ஓட்டையாக்கும். உடலின் இரத்தம் முழுவதும் நுரையீரலைக் கடந்தே ஆகவேண்டும் என்பதை மறவாதீர்கள்.

இந்நெருக்கடிக்கு ஆக்சிஜன்தான் முதல் உதவி. ஆனால் நோய் முற்றியபின் எவ்வளவு கொடுத்தாலும் போதுவதில்லை. ஏன்? எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்க்கலாம். ஜீப்பைச் சிவப்பணு என்றும் ஆட்களை ஆக்சிஜன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நிறுத்தங்கள். முதல் நிறுத்தத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். இரண்டாவதில் வெள்ளம் புகுந்து ஆளே வர முடியவில்லை. முதல் நிறுத்தம் வழியே போகும் ஜீப் நிறைந்து போகிறது. இரண்டாவது வழியே போவது காலியாகப் போகிறது. தோட்டத்தில் பாதி வேலை நின்றுவிடுகிறது. இதைச் சரிசெய்ய முதல் நிறுத்தத்தில் இன்னும் நூறு பேரை நிறுத்தினால் பயன் உண்டா? நிறைந்த ஜீப் நிறைந்ததுதான்! நல்ல நுண்ணறையைக் கடக்கும் இரத்தம் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிறைந்திருக்கிறது. வழி ஒன்றே: மூடிய நிறுத்தத்தைத் திறக்க வேண்டும்.

உதவும் கருவியே ஊறு செய்தது

1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளுக்குப் போதிய இயந்திரங்கள் இல்லை. பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைத் தள்ளச் சொன்னார். அமுக்கியவர்கள் யார் தெரியுமா? மாணவர்கள்! ஏறக்குறைய 1,500 மாணவர்கள், இரவும் பகலும் முறைவைத்து. காற்றை உள்ளே தள்ளும் செயற்கைச் சுவாசமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் பெருகியது அதன் பிறகுதான்.

1967இல் அமெரிக்காவின் டென்வர் நகர டாக்டர்கள் ஆஷ்பா, பெட்டி முதலியோர் 12 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அடிபட்டவர், காய்ச்சல்காரர் என்று காரணங்கள் வெவ்வேறு. நுரையீரலோ ஒரே மாதிரி, குறைமாதக் குழந்தையின் நுரையீரலைப் போல விறைத்துக் கிடந்தது. 12 பேரில் 7 பேர் இறந்தனர். இயந்திரத்தால் காற்றைத் தள்ளிப் பார்த்தார்கள். மூச்சு வெளியேறிய பின்னும் சிறிது அழுத்தத்தை விட்டுவைத்தால் நன்மை தெரிந்தது. பலூன் ஊதும்போது முதல் ஊதல்தானே கடினம்? முழுக்க மூட விடாமல் கொஞ்சம் காற்றை நிறுத்தி வைத்தால் அடுத்த ஊதல் எளிது. மூடிய நிறுத்தத்தைத் திறக்கும் சாவி இதுதான்.

ஆனால் எவ்வளவு காற்றைத் தள்ளுவது? இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைச் சரிசெய்ய வேண்டுமென்று பல ஆண்டுகள் தாராளமாகவே தள்ளினார்கள். 1974இல் வெப், டயர்னி என்ற இருவர் நல்ல நுரையீரலுள்ள எலிகளுக்கு 45 செ.மீ. நீர் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எலிகளின் நுரையீரல் நீரால் நிறைந்துவிட்டது. புகையுமில்லை, கிருமியுமில்லை, காற்றழுத்தம் ஒன்றே போதுமாயிருந்தது. 1980களில் இத்தாலியின் கட்டினோனி கணிப்பொறி எக்ஸ்ரே படங்களைக் கொண்டு இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இந்நோயாளியின் நுரையீரலில் திறந்திருக்கும் பகுதி ஒரு குழந்தையின் நுரையீரல் அளவே. பெரியவருக்கு உரிய காற்றை அந்தச் சிறு இடத்தில் திணித்தால் கிழியாமல் என்ன செய்யும்?

ஐயம் தீர்ந்தது 2000ஆம் ஆண்டில். அமெரிக்க மருத்துவமனைகள் பல சேர்ந்து 861 நோயாளிகளை இரு பிரிவாக்கின. ஒரு பிரிவுக்கு ஒரு மூச்சில் கிலோ எடைக்கு 12 மில்லி லிட்டர் காற்று. மறு பிரிவுக்கு 6 மட்டும். எடை என்பது தராசில் காட்டும் எடையன்று, உயரத்தைக் கொண்டு கணக்கிட்டது. மனிதர் பருத்தால் நுரையீரல் பருப்பதில்லை அல்லவா? 165 செ.மீ. உயரமுள்ள ஆணுக்கு முதல் முறையில் சுமார் 740 மி.லி., இரண்டாவதில் 370 மி.லி. தொடக்கத்தில் அதிகக் காற்று பெற்றவர்களின் ஆக்சிஜன் அளவு மேலாகவே இருந்தது. ஆனால் இறந்தவர்கள் அவர்களில் 39.8 சதவீதம், குறைந்த காற்று பெற்றவர்களில் 31 சதவீதம். அழகான எண்ணைத் துரத்தியதைவிட நுரையீரலை நோகாமல் வைத்திருந்ததே உயிரைக் காத்தது. என் கருத்தில், இந்நோயின் வரலாற்றில் எந்தப் புது மருந்தும் இதற்கு ஈடாகாது.

இன்னொரு சிகிச்சைக்கு மருந்தும் வேண்டாம், கருவியும் வேண்டாம். மல்லாந்து கிடப்பவரின் நீர் கோத்த நுரையீரலும் இதயமும் தம் எடையால் முதுகுப்புற அறைகளை நசுக்குகின்றன. அவரைக் குப்புறப் படுக்க வைத்தால் அந்த அறைகள் திறக்கும். 2013இல் வெளியான பிரெஞ்சு டாக்டர் கெரானின் ஆய்வில், கடுமையான நோயாளிகளை நாளொன்றுக்கு 16 மணி நேரமாவது குப்புறக் கிடத்தியதால் 28 நாட்களில் ஏற்படும் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. குழாய்கள் பிடுங்கிக்கொள்ளாமல் ஒருவரைப் புரட்ட நாலைந்து பேர் தேவை. கொரோனாக் காலத்தில் உலகமெங்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைச் செய்தார்கள். 2020இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், இயந்திரச் சுவாசத்திலிருந்த கொரோனா நோயாளிகளுக்கு விலை மலிந்த டெக்சாமெதசோன் மருந்தைக் கொடுத்தபோது இறப்பு 41 சதவீதத்திலிருந்து 29 சதவீதமாக இறங்கியது.

குழந்தைகளைக் காத்த சர்ஃபாக்டன்டைப் பெரியவர்களுக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கொடுத்துப் பார்த்தார்கள், உயிரிழப்பு குறையவில்லை. குழந்தைக்கு அது சுரக்கவே இல்லை. பெரியவருக்கோ, கசியும் புரதம் கொடுக்கக் கொடுக்கக் கெடுத்துக்கொண்டே இருக்கிறது. கசிவை நேரே அடைக்கும் மருந்து இன்றும் இல்லை. சுவர் தானாக ஆறும்வரை நேரம் வாங்கிக் கொடுப்பதுதான் மற்றதெல்லாம்.

ஆனால் மூல காரணத்தை நிறுத்த முடிந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும். நிமோனியா, இரத்தத்தில் கிருமி பரவுதல், நீரில் மூழ்குதல், பலத்த அடி என்று இந்நெருக்கடிக்கு வாயில்கள் பல. நம் மாநிலத்தில் புதர்களிலும் வயலோரங்களிலும் திரியும் மிகச்சிறு உண்ணிப்பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வரும் ‘ஸ்க்ரப் டைஃபஸ்’ காய்ச்சலும் அவற்றில் ஒன்று. மழைக்கும் குளிருக்கும் உரிய மாதங்களில் இது மிகுதி. இடுப்பிலோ அக்குளிலோ சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கருப்புத் தழும்பு தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்து மலிவானது. கடுமையான நோய்க்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேலானது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் பல இந்திய மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது.

மலைக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. சரிவில் தீ மேல்நோக்கித்தான் விரைகிறது. சுடர் மேலே சாய்ந்து அடுத்த புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். பகலில் பள்ளத்தாக்கின் காற்றும் மேல்நோக்கியே வீசும். ஆகவே தீக்கு மேலே ஓடித் தப்ப முயலக் கூடாது. புல்லில்லாத பாறை, ஓடை, முன்பே எரிந்து அணைந்த கரும்பரப்பு ஆகியவையே புகலிடம். முகத்தில் கட்டும் ஈரத்துணி பெரிய துகள்களைத்தான் தடுக்கும். கார்பன் மோனாக்சைடை ஒருபோதும் தடுக்காது. தரையை ஒட்டிய காற்றில் புகை குறைவாயிருக்கும்.

நெருக்கடியிலிருந்து மீண்டவர்களின் நுரையீரல் என்ன ஆகிறது? சர்ஃபாக்டன்டைச் சுரக்கும் அதே செல்கள் பிரிந்து பெருகி, தட்டையாக நீண்டு, வெறுமையான சுவரை மறுபடி மூடுகின்றன. கசிந்த நீர் உறிஞ்சப்படுகிறது. கனடாவின் டொரான்டோவில் 109 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலோரின் நுரையீரல் சில மாதங்களில் ஏறக்குறைய இயல்பு நிலைக்கு வந்திருந்தது. ஆனால் ஓராண்டு கழித்தும் ஆறு நிமிடத்தில் அவர்களால் நடக்க முடிந்தது, அவர்கள் வயதினர் நடக்கும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கே. குறை நுரையீரலில் இல்லை. படுக்கையில் கிடந்த வாரங்களில் கரைந்துபோன தசைகளில் இருந்தது. அதனால்தான் இப்போது இயந்திரத்தில் இருக்கும்போதே நோயாளியின் கைகால்களை மடக்கி நீட்டவும், முடிந்தவுடன் எழுப்பி உட்கார வைக்கவும் தொடங்கிவிடுகிறார்கள்.